சிஸ்டம் சூடா இருக்கும்போதே ஆஃப் பண்ணலாமா? புதுசா கம்ப்யூட்டர் வாங்குனவங்களுக்கு

சித்திரை வெயில் ஆரம்பிச்சுட்டா போதும், மதுரைல கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்க எல்லாருக்கும் ஒரே சந்தேகம் வந்துருது. "அண்ணே, சிஸ்டம் கொதியா கொதிக்குது, இப்புடியே ஆஃப் பண்ணலாமா, இல்ல கொஞ்ச நேரம் சும்மா ஓட விட்டு ஆறுனதுக்கு அப்பறம் பண்ணனுமா?" ஜெராக்ஸ் கடை அக்கா கேக்குறாங்க, காலேஜ் சேந்து புது லேப்டாப் வாங்குன பயலுக கேக்குறாய்ங்க, கல்யாண வீடியோ எடிட் பண்றவரு கூட கேக்குறாரு. பதில மொதல்லயே சொல்லிர்றேன், ஆற விட வேண்டியதில்ல. வேலைய முடிச்சு சேவ் பண்ணிட்டு ஷட்டவுன் குடுத்துட்டு நீங்க பாட்டுக்கு எந்திரிச்சுப் போகலாம். ஆனா சூடு விஷயத்துல கவனிக்க வேண்டியது வேற சிலது இருக்கு, சிஸ்டம் ஓடும்போது கொஞ்சம், ஆஃப் ஆனதுக்கு அப்பறம் கொஞ்சம், அத யாரும் கேக்குறதே இல்ல.

ஏன் ஆற விட வேணாம்

ப்ராசஸர், அதாவது கணக்கு வேலையெல்லாம் பண்ற மெயின் சிப்பு, சூடாகுறது அதுக்குள்ள கரண்ட் ஓடுறதால. கரண்ட் நின்னுச்சுன்னா புதுசா சூடு வர வழியே கெடையாது. "ஃபேனும் சேந்து நின்னுருதே, அப்ப உள்ள இருக்க சூடு எங்கிட்டுப் போகும்?"னு கேப்பீங்க, நியாயமான கேள்விதான். சிப்புல இருக்க சூடு மேல இருக்க ஹீட் சிங்க்குக்கு, அதாவது சூட்ட வாங்கி விடுற உலோகத் தகட்டு அடுக்குக்குப் போகும், அங்கருந்து கேபினெட் காத்துக்கு, அப்பறம் மெதுவா ரூமுக்கு. ஃபேன் சுத்தாததால கொஞ்சம் லேட்டாகும், அம்புட்டுத்தேன். ஓடும்போது சிப்பு எவ்ளோ சூட்டுல இருந்துச்சோ அதுக்கு மேல ஏறாது, ஏத்துறதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல.

இன்னொன்னு, ஷட்டவுன் பட்டன அமுக்குன உடனே சிஸ்டம் நின்னுர்றதில்ல. ஓடுற ப்ரோக்ராம் எல்லாத்தையும் மூடும், டிஸ்க்ல எழுத வேண்டியத எழுதும், இதுக்கு பத்து செகண்டோ முப்பது செகண்டோ ஆகும், அந்த நேரம் பூரா ஃபேன் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும், ப்ராசஸருக்கு பெருசா வேலையும் இருக்காது. ப்ராசஸர் சிப்பு ரொம்பச் சின்னது, அதனால வேலை கொறஞ்ச உடனே டெம்பரேச்சர் மளமளன்னு எறங்கிரும். எச்டபிள்யூ மானிட்டர் மாதிரி டெம்பரேச்சர் காட்டுற ஒரு ப்ரோக்ராம தொறந்து வச்சுட்டு ஒரு பெரிய வேலைய நிறுத்திப் பாருங்க, நம்பர் கண்ணு முன்னாடியே விழும். ஆக நீங்க தனியா ஆற விடணும்னு நெனைக்கிறத ஷட்டவுனே செஞ்சு முடிச்சிருது.

இதுக்கும் மேல நம்பிக்கை வரலன்னா இத யோசிங்க. இன்டெல் சிப்பு பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸ் வரைக்கும் தாங்குற மாதிரி செஞ்சிருக்காங்க, பெரும்பாலான ஏஎம்டி ரைசன் 7000 டெஸ்க்டாப் சிப்புக்கு அந்த எல்லை 95. அந்த எல்லையத் தொட்டா சிப்பு தன் வேகத்த தானே கொறைச்சுக்கும், கேம் திடீர்னு திக்குறதுக்கு நெறையா நேரம் இதான் காரணம். அப்பவும் சூடு ஏறிக்கிட்டே போச்சுன்னா டக்குனு கரண்ட வெட்டி சிஸ்டத்த அணைச்சிரும். அதாவது சிப்பு செஞ்ச கம்பெனியே கடைசிப் பாதுகாப்பா வச்சிருக்கது, உச்சகட்ட சூட்டுல ஒரு நொடி கூட ஆற விடாம நேரா ஆஃப் பண்றதத்தான். அப்பறம் 70 டிகிரில இருக்க சிஸ்டத்த ஆஃப் பண்ண நீங்க ஏன் பயப்படணும்.

சிலர் இன்னொரு பயத்தோட வருவாய்ங்க, லேப்டாப்ப ஆஃப் பண்ணதுக்கு அப்பறம்தான் கீபோர்டு இன்னும் அதிகமா சுடுதுன்னு. அது நெசந்தான். அதுவரைக்கும் ஃபேன் வெளிய தள்ளிக்கிட்டு இருந்த சூடு இப்ப பாடி முழுக்க பரவுது, உங்க கைக்கு அது தெரியுது. உள்ள சிப்பு அந்நேரம் எறங்கிக்கிட்டுத்தான் இருக்கும். பத்து நிமிஷத்துல அதுவும் அடங்கிரும்.

இந்த ஆற விடுற பழக்கம் எங்கருந்து வந்துச்சுன்னு பாத்தா பாதி வண்டிக்காரங்க கிட்டருந்து வந்துருக்கும்னு தோணுது. வத்தலகுண்டுலருந்து கொடைக்கானல் மலை ஏறி வந்த டர்போ டீசல் வண்டிய டிரைவர் அண்ணே உடனே அணைக்க மாட்டாரு, ஒரு ரெண்டு நிமிஷம் ஐடில்ல விடுவாரு, ஏன்னா டர்போ பழுக்க காய்ஞ்சு கெடக்கும்போது எஞ்சின் நின்னா ஆயில் ஓட்டமும் நின்னுரும், பேரிங்ல நிக்கிற ஆயில் அந்தச் சூட்டுலயே கருகிரும். கம்ப்யூட்டருக்குள்ள அப்புடி கருகுறதுக்கு எதுவும் கெடையாது.

சூடேறி ஆறி, சூடேறி ஆறி சிப்புக்கு அடியில இருக்க சால்டர், அதாவது உருக்கி ஒட்டுன உலோகப் பத்து, விட்டுப்போகும்னு வெவரமானவங்க சொல்லுவாங்க. பொய்யில்ல. 2008-ல என்விடியா கம்பெனி லேப்டாப் கிராபிக்ஸ் சிப்பு கோளாறுக்காக 15 கோடி டாலர்லருந்து 20 கோடி டாலர் வரைக்கும் ஒதுக்கி வச்சதே இந்த மாதிரி பிரச்சனைக்குத்தான். ஆனா அது அந்தச் சிப்புல போட்ட பொருளோட பலவீனம், நீங்க ஆஃப் பண்றதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் காத்துருந்தா அந்த ஏத்த எறக்கம் கொறையப்போறதில்ல. எப்படியும் ரூம் சூட்டுக்கு எறங்கித்தான் ஆகணும், அஞ்சு நிமிஷம் முன்னாடி எறங்குனா என்ன, பின்னாடி எறங்குனா என்ன.

சரி, ஆஃப் பண்றது எப்படி

புதுசா வாங்குனவங்க இத வரிசையா பழகிக்கங்க.

மொதல்ல ஓடுற வேலைய பாருங்க. பென் டிரைவுக்கு காப்பி ஓடுதா, வீடியோ எக்ஸ்போர்ட் ஆகுதா, அது முடியட்டும். இங்க காத்துருக்கது அர்த்தமுள்ள காத்துருப்பு, பாதில விட்டா ஃபைல் போயிரும். ராத்திரி பூரா கல்யாண வீடியோ ஓட்ட வேண்டி இருந்துச்சுன்னா பக்கத்துலயே முழிச்சுக் கெடக்க வேணாம், ஹேண்ட்பிரேக் மாதிரி சாஃப்ட்வேர்ல வேலை முடிஞ்சதும் தானே ஷட்டவுன் ஆகுற ஆப்ஷன் இருக்கு, போட்டுட்டுப் படுங்க. முழு லோடுல ஓடி முடிச்ச கையோட சிஸ்டம் ஆஃப் ஆகும், ஒண்ணும் ஆகாது.

அப்பறம் சேவ். எல்லாத்தையும் சேவ் பண்ணி மூடிட்டு, பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் இருந்தா கீழ மூலைல இருக்க ஐக்கான வச்சு எஜெக்ட் பண்ணிட்டு உருவுங்க.

மூணாவதுதான் ஷட்டவுன். ஸ்டார்ட் மெனுவுல போயி ஷட்டவுன் குடுங்க. கேபினெட் பட்டன ஒரு தடவ லேசா அமுக்குனாலும் டெஸ்க்டாப்ல வழக்கமா அதே ஷட்டவுன்தான் நடக்கும், ஆனா லேப்டாப்ல பெரும்பாலும் அது ஸ்லீப்புக்குப் போகும், ரெண்டுக்கும் நெறையா வித்தியாசம், கீழ சொல்றேன். பட்டன நாலஞ்சு செகண்ட் அமுக்கிப் பிடிக்கிறது சிஸ்டம் அடியோட ஹேங் ஆனா மட்டும். டெய்லி அப்புடி பண்றவங்க இருக்காங்க, சூட்டால போன ஹார்ட் டிஸ்க்க விட இந்தப் பழக்கத்தால குழம்பிப்போன விண்டோஸத்தான் நான் அதிகம் பாத்துருக்கேன்.

நாலாவது, லைட் அணையுற வரைக்கும் சுவர் சுவிட்ச தொடாதீங்க. அப்டேட் ஓடுது, ஆஃப் பண்ணாதீங்கன்னு ஸ்கிரீன்ல வந்தா அத நம்புங்க, எவ்ளோ நேரம் ஆனாலும் விடுங்க. லைட் அணைஞ்சு ஃபேன் சத்தம் நின்னதுக்கு அப்பறம் சுவிட்ச அணைக்கலாம். அணைக்கணுமான்னா, அணைச்சா நல்லது, ஏன்னா ஷட்டவுன் பண்ணாலும் எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள்ள இருக்க பவர் சப்ளை பெட்டி) உள்ளுக்குள்ள 5 வோல்ட் ஒண்ணு குடுத்துக்கிட்டேதான் இருக்கும். சித்திரை வைகாசில சாயந்தரமா திடீர்னு இடி மின்னலோட கோடை மழை வருமில்ல, அந்த நேரத்துல சுவிட்ச் மட்டும் பத்தாது, பிளக்க உருவிருங்க, பிராட்பேண்ட் ஒயரு நேரா சிஸ்டத்துக்கு வந்துச்சுன்னா அதையும் சேத்து.

கூடுதலா ஒண்ணு. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு ஆன்ல இருக்கும், அது இருந்தா ஷட்டவுன் முழு ஷட்டவுனா இருக்காது, அடுத்த தடவ சீக்கிரம் எந்திரிக்கிறதுக்காக விண்டோஸோட பாதிய டிஸ்க்ல எழுதி வச்சுக்கும். சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, ஆனா சிஸ்டம் கிறுக்குத்தனம் பண்ணும்போது ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் சரியாகலன்னா ரீஸ்டார்ட் குடுங்க, இல்ல ஷிஃப்ட்ட அமுக்கிக்கிட்டே ஷட்டவுன் குடுங்க, அதான் முழுசா அணைக்கும்.

கரண்ட் போயிருச்சுன்னா

ஆற விடுற பழக்கம் நெசமாவே நஷ்டத்த குடுக்குற இடம் இதுதான். நம்ம ஊர்ல வீட்டுக்கும் கடைக்கும் வாங்குற யூபிஎஸ் பெரும்பாலும் 600 விஏ, உள்ள 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பேட்டரி ஒண்ணு. சாதாரண சிஸ்டமும் மானிட்டரும்னா பத்து, பதினஞ்சு நிமிஷம் நிக்கும், கிராபிக்ஸ் கார்டு போட்ட எடிட்டிங் சிஸ்டம்னா அதுல பாதி கூட நிக்கிறது கஷ்டம். யூபிஎஸ் பீப் பீப்னு கத்திக்கிட்டு இருக்கும்போது "கொஞ்சம் ஆறட்டும்"னு உக்காந்துருந்தா பேட்டரி தீந்து சிஸ்டம் பொத்துனு விழுந்துரும், எதத் தவிர்க்கணும்னு யூபிஎஸ் வாங்குனீங்களோ அதேதான் நடக்கும். பீப் கேட்டா சேவ் பண்ணுங்க, ஷட்டவுன் குடுங்க.

யூபிஎஸ் பேட்டரிக்கும் சூடு ஆகாது, சொல்லப்போனா சிப்ப விட அதுக்குத்தான் ஆகாது. லெட் ஆசிட் பேட்டரி 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரி கூடுறதுக்கும் ஆயுசு ஏறக்குறைய பாதியாகும்னு ஒரு கணக்கு இருக்கு. அதனால யூபிஎஸ்ஸ சிஸ்டத்துக்குப் பின்னாடி சூடு காத்து அடிக்கிற மூலைல தள்ளி வைக்காதீங்க. மாசாந்திர பராமரிப்புக்கு ஈபி காரங்க கரண்ட் இருக்காதுன்னு முந்துன நாளே பேப்பர்ல போட்டுருவாங்க, உங்க ஏரியா பேரு இருந்தா காலைல பெரிய வேலை எதையும் ஆரம்பிக்காம இருக்கது நல்லது.

லேப்டாப்ப பேக்ல வைக்கிறவங்க

இது முக்கியம். லேப்டாப்புக்கு சூட்டால ஆபத்துன்னா அது பேக்குக்குள்ளதான் நடக்குது, அதுவும் ஆஃப் பண்ணாம வைக்கிறதால. மூடிய மூடுனா ஸ்லீப்புக்குப் போகும், இப்ப வர்ற நெறையா லேப்டாப்ல ஸ்லீப்புங்கிறது அரைத் தூக்கம், உள்ள வைஃபை உயிரோட இருக்கும், மெயில் பாக்கும், அப்டேட் எறக்கும், சில நேரம் முழுசாவே முழிச்சுக்கும். மாட்டுத்தாவணில ராத்திரி சென்னை பஸ் ஏறி, மூடி மட்டும் மூடுன லேப்டாப்ப துணி மணியோட பேக்ல திணிச்சு வச்சீங்கன்னா, அது உள்ள முழிச்சுக்கிச்சுன்னா காத்துப் போக வழியே இல்ல, விடியக்காலம் கிளாம்பாக்கத்துல எறங்கி எடுத்தா கை வைக்க முடியாத அளவு சுடும், பேட்டரி வேற காலியாகி இருக்கும். சிப்பு தன்ன காப்பாத்திக்கும், ஆனா லித்தியம் பேட்டரி சூட்டுலயே மணிக்கணக்கா வெந்தா சீக்கிரம் கெழடாகும், உப்பவும் உப்பும்.

அதனால ஊருக்குப் போறப்ப ஷட்டவுன் குடுங்க, லைட் அணைஞ்சுருச்சான்னு பாத்துட்டு பேக்ல வைங்க. மறந்துருவீங்கன்னா கண்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போயி, மூடிய மூடுனா என்ன செய்யணுங்கிற எடத்துல ஸ்லீப்ப மாத்தி ஹைபர்னேட்டோ (ஓடுறத டிஸ்க்ல எழுதி வச்சுட்டு அணையுறது) ஷட்டவுனோ போட்டுருங்க. லேப்டாப் கதகதன்னு இருக்கும்போதே பேக்ல வைக்கலாமான்னா, முழுசா ஆஃப் ஆயிருந்தா வைக்கலாம், கை பொறுக்காத சூடுன்னா மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம் டேபிள்ல கெடக்கட்டும், அது பேட்டரிக்காக.

பழைய லேப்டாப், உள்ள சுத்துற ஹார்ட் டிஸ்க் இருக்கதுன்னா இன்னொரு கவனம் வேணும். நிமிஷத்துக்கு 5400 சுத்து சுத்துற தட்டு அது, ஷட்டவுன் ஆனதும் ஹெட்டு ஓரமா பார்க் ஆகும், தட்டு நிக்க சில செகண்ட் ஆகும். லைட் அணைஞ்ச உடனே வெடுக்குனு தூக்கி வீசாம ஒரு பத்து செகண்ட் விட்டுட்டு எடுங்க. சுத்துற தட்டே இல்லாத எஸ்எஸ்டின்னா இந்தக் கவலையே வேணாம்.

நெசமா சூட்டக் கொறைக்கணும்னா

ஓடும்போது பாருங்க. மொதல்ல உங்க சிஸ்டம் எவ்ளோ சூட்டுல ஓடுதுன்னு தெரிஞ்சுக்கங்க, மேல சொன்ன எச்டபிள்யூ மானிட்டரே போதும். ஒரு கணக்கு மனசுல வச்சுக்கங்க, ஹீட் சிங்க்கால ரூம் சூட்டுக்குக் கீழ போகவே முடியாது, சிப்பு எப்பவுமே ரூம விட இத்தன டிகிரி மேலன்னுதான் நிக்கும். மார்கழில 25 டிகிரி ரூம்ல 70 காட்டுன சிஸ்டம், கத்திரி வெயில்ல மொட்டை மாடிக்குக் கீழ இருக்க 38 டிகிரி ரூம்ல அதே வேலைக்கு 83 காட்டும். கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல, ரூம் ஏறுன 13 டிகிரிதான் அது. சும்மா இருக்கும்போதே 75, 80-ன்னு நின்னா மட்டும் உள்ள ஏதோ இருக்குன்னு எடுத்துக்கங்க.

பெரும்பாலும் அந்த ஏதோங்கிறது தூசி. அதுலயும் நம்ம ஊரு தூசி தனி. ஜவுளிக்கடை, தையக்கடை, சுங்குடி மடிக்கிற எடம், செல்லூர் பக்கம் தறி ஓடுற வீடு, இங்கருந்து வர்ற கேபினெட்ட தொறந்தா மேலாக்க ஒண்ணும் தெரியாது, ஃபேன் கூட ஓரளவு சுத்தமாத்தான் இருக்கும். நாலு ஸ்க்ரூவ கழட்டி ஃபேன தூக்குனாத்தான் கூத்து. ஹீட் சிங்க் தகட்டுக்கும் ஃபேனுக்கும் நடுவுல நூல் பிசிறு படிஞ்சு படிஞ்சு சாம்பக் கலர்ல ஒரே படலமா நிக்கும், நகத்த வச்சு ஓரத்துல கிளப்புனா முழுசா உரிஞ்சு கைல வரும், அதுல செவப்பு நூலு பச்ச நூலு கூட தெரியும். ஃபேன் முழு வேகத்துல சுத்தியும் ஒரு துளி காத்து கீழ போயிருக்காது. இந்த மாதிரி கடைல இருக்கவங்க சிஸ்டத்த தரைல வைக்காம ஒரு ஸ்டூல் மேல வச்சாலே பாதி தொல்ல கொறையும்.

சுத்தம் பண்றது நீங்களே பண்ணலாம். ஷட்டவுன் பண்ணி, பிளக்க உருவி, கேபினெட் பட்டன ஒரு தடவ அமுக்கி மிச்ச கரண்ட போக விட்டு, பக்கத்து மூடிய கழட்டி வாசலுக்கு கொண்டு போங்க, வீட்டுக்குள்ள பண்ணா அம்மா கிட்ட ஏச்சு வாங்குவீங்க. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் றெக்கைய ஒரு பென்சில வச்சோ விரல வச்சோ பிடிச்சுக்கங்க, காத்து வேகத்துல அது தாறுமாறா சுத்துச்சுன்னா பேரிங் போகும். எஸ்எம்பிஎஸ்ஸ மட்டும் தொறக்காதீங்க, அதுக்குள்ள இருக்க கெப்பாசிட்டர் பிளக்க உருவுன பெறகும் அடிக்கும், வெளிலருந்து காத்தடிச்சாப் போதும். ஈரத்துணி கிட்டயே போகக்கூடாது.

லேப்டாப்ப மெத்தை மேல, தலகாணி மேல வச்சு ஓட்டாதீங்க, அடியில இருக்க காத்து ஓட்டை அடைபட்டுரும். ஏர் கூலர் வச்சிருக்கவங்க அத ரூமுக்கு வைங்க, சிஸ்டத்தப் பாத்து திருப்பி வைக்க வேணாம், ஈரக்காத்தும் தூசியும் சேந்தா உள்ள அப்பிக்கும்.

ஆற விட்டே ஆக வேண்டிய சாமான்

ப்ரொஜெக்டர். டியூஷன் சென்டர், மண்டபம், சர்ச்சுல எல்லாம் இருக்க லேம்ப் போட்ட ப்ரொஜெக்டர நேரா பிளக்க உருவி அணைக்கக்கூடாது. அந்த லேம்பு ஓடும்போது ஏகப்பட்ட சூட்டுல இருக்கும், அணைஞ்ச பெறகும் கொஞ்ச நேரத்துக்கு அதுக்கு ஃபேன் காத்து வேணும். ரிமோட்ல பவர அமுக்குங்க, லேம்ப் அணையும், ஃபேன் ஓடும், ஃபேன் தானா நின்னதுக்கு அப்பறம்தான் சுவிட்ச். கம்ப்யூட்டரையும் ஆற விடணுங்கிற பேச்சு பாதி வண்டில இருந்து வந்துச்சுன்னா மீதி இங்கருந்துதான் வந்துருக்கணும். இங்க்ஜெட் பிரிண்டருக்கு சூடு பிரச்சனை இல்ல, ஆனா அதையும் அதோட பட்டன்லயே அணைங்க, அப்பத்தான் ஹெட்ட கொண்டுபோயி மூடி போட்டு நிறுத்தும், சுவர் சுவிட்ச தட்டிவிட்டா ஹெட் தொறந்தபடியே நின்னு இங்க் காஞ்சுரும்.

கடைசியா ஒண்ணு, சர்வீஸுக்கு குடுக்குறவங்களுக்கு. தூசி தட்டுனதுக்கு முன்னாடி, பின்னாடி ரெண்டு தடவையும் ஒரே வேலைய ஓட்டி டெம்பரேச்சர எழுதி வச்சுக்கங்க. நல்லா எறங்கியிருந்தா வேலை முடிஞ்சுது, கடைல பேஸ்ட் (சூடு கடத்த சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவுல பூசுறது) மாத்தணும்னு சொன்னாலும் இப்ப வேணாம்னுருங்க. எறங்கவே இல்ல, சிஸ்டமும் நாலஞ்சு வருஷம் பழசுன்னா ஹீட் சிங்க்குக்கு அடியில இருக்க பேஸ்ட் காஞ்சுருக்கும், அத மாத்தச் சொல்லலாம். மாத்தி வாங்கும்போது அங்கயே ஆன் பண்ணி அதே வேலைய ஓட்டி நம்பர காட்டச் சொல்லுங்க, பாத்துட்டு காசு குடுங்க.